சாலையில் நடப்போர் எப்பக்கம் நடப்பது?

சில ஆண்டுகளுக்கு முன்னர், மழைக்கால விடியற்பொழுது ஒன்றில், நம் அரபுக் கல்லூரி மாணவர் மூவர் சுப்ஹுத் தொழுகைக்காக ஊர்ப் பள்ளிவாசலை நோக்கி நடந்து சென்றனர். கல்லூரி வளாகப் பள்ளியில் அப்போது கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. விடுதிக்கும் ஊர்ப் பள்ளிவாசலுக்கும் இடையே அரைக் கிலோமீட்டர் தொலைவு. சாலை அகலமானது; ஆனால் நடைபாதை கிடையாது. சாலையின் இடப்புறமாகவே செல்ல வேண்டும் என்பது நாம் அவர்களுக்கு இட்டிருந்த கட்டளை. நம் பள்ளிப் பருவத்தில் நமக்குக் கற்பிக்கப்பட்டதும் அதுவேயாகும். பின்னாலிருந்து வந்த சரக்கு வாகனமொன்று, மூவருள் ஓரமாக நடந்தவரை இடித்துத் தள்ளிவிட்டுச் சென்றது. அல்லாஹ்வின் அருளால் உயிருக்குத் தீங்கு நேரவில்லை. கால் எலும்பு முறிந்தது.

மருத்துவமனைக்கு வந்த அவருடைய தந்தையார் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொன்னாரில்லை. ‘ஹஜ்ரத், தாங்கள் சொன்ன பக்கமாகத்தானே பிள்ளை நடந்தான்?’ என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. இடப்புறம் நடப்பதே முறை என்று நாம் ஏன் நம்பினோம்? உலகின் பிற நாடுகளில் நடப்போர் எப்பக்கம் நடக்கின்றனர்? அதற்கு அவர்கள் கூறும் காரணம் யாது? இவற்றைத் தேடி அறிந்தவற்றை வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு வேறு கேள்விகள்

இப்பொருளில் நேரும் குழப்பங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தோன்றுகின்றன. வாகனங்கள் எப்பக்கம் செல்ல வேண்டும் என்பது ஒரு கேள்வி. மனிதர் எப்பக்கம் நடக்க வேண்டும் என்பது மற்றொரு கேள்வி. இரண்டும் ஒன்றே என எண்ணி, முதற்கேள்வியின் விடையை இரண்டாவதற்கும் பொருத்திவிடுகின்றோம். நாமும் அவ்வாறே செய்தோம்.

வாகனங்களின் பக்கம் வகுக்கப்பட்ட வரலாறு சுவையானது. இலண்டன் நகரின் பழைய பாலத்தில் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டி நின்றதால், 1722-ஆம் ஆண்டு அந்நகரின் மேயர், நகருக்குள் வருபவை ஒரு பக்கமும் வெளியே செல்பவை மறுபக்கமுமாக, தத்தம் இடப்புறம் ஒதுங்கிச் செல்ல வேண்டும் என ஆணையிட்டார். 1835-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் இடப்புறம் செல்வதைப் பிரிட்டனின் பொது விதியாக்கியது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலமோ 1792-இலேயே தன் புதிய சுங்கச் சாலைக்கு வலப்புற விதியை வகுத்திருந்தது. பிரான்சிலும் அதன் செல்வாக்குப் பரவிய ஐரோப்பிய நாடுகளிலும் வலப்புறமே நிலைபெற்றது.

பின்னர், ஆண்டவர்களின் வழக்கம் ஆளப்பட்டவர்களின் வழக்கமாயிற்று. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், இலங்கை, மலேசியா ஆகியவற்றில் வாகனங்கள் இன்றும் இடப்புறமே செல்கின்றன. டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியாவிலும் இடப்புறமே. அரபு நாடுகள் அனைத்திலும் இன்று வலப்புறம். ஆயினும் பிரிட்டிஷ் செல்வாக்கிலிருந்த பஹ்ரைன் 1967-இலும், சூடான் 1973-இலும், ஏடனைத் தலைநகராகக் கொண்டிருந்த தென் யமன் 1977-இலும்தான் இடத்திலிருந்து வலத்துக்கு மாறின. சுவீடன் 1967 செப்டம்பர் 3 அன்று விடியற்காலை 5 மணிக்கு நாடு முழுவதும் ஒரே நேரத்தில் வலப்புறத்துக்கு மாறியது. இதற்கு நேர்மாறாக, சமோவா நாடு 2009 செப்டம்பரில் வலத்திலிருந்து இடத்துக்கு மாறியது.

இவ்வளவு மாற்றங்களும் எதைக் காட்டுகின்றன? இரண்டு வண்டிகள் எதிரெதிரே வரும்போது, இரண்டும் தத்தம் இடப்புறம் ஒதுங்கினாலும் சரி, தத்தம் வலப்புறம் ஒதுங்கினாலும் சரி, முட்டிக்கொள்ளமாட்டா. எது என்பதன்று, எல்லோரும் ஒன்றையே கைக்கொள்கின்றனரா என்பதே இங்குப் பொருட்டு. ஏனெனில், எதிர்ப்படும் இரண்டும் நிகரானவை. இரு ஓட்டுநரும் முன்னோக்கியே பார்க்கின்றனர். நடப்பவருக்கும் வாகனத்துக்கும் இடையே அத்தகைய நிகர்மை இல்லை. ஒன்று பல நூறு கிலோ எடையுள்ள இரும்பு. மற்றொன்று எலும்பும் சதையும். முட்டினால் இழப்பு ஒருபக்கம் மட்டுமே. ஆகவே நடப்பவரின் பக்கத்தை முடிவு செய்யும் அளவுகோல் வேறாக இருத்தல் வேண்டும்.

எதிர்நோக்கி நடத்தல்

நடைபாதை இல்லாத சாலையில் நடப்பவர், வாகனங்களை எதிர்நோக்கி நடக்க வேண்டும் என்பதே பல நாடுகளின் விதி. அதாவது, வாகனங்கள் இடப்புறம் செல்லும் நாட்டில் நடப்பவர் சாலையின் வலது ஓரத்திலும், வாகனங்கள் வலப்புறம் செல்லும் நாட்டில் இடது ஓரத்திலும் நடத்தல் வேண்டும். அப்போதுதான் தமக்கு அருகே வரும் வாகனம் கண்ணெதிரே வரும்.

1931-இல் முதன்முதலாக வெளியிடப்பட்டு இன்றுவரை திருத்தப்பட்டு வரும் பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூல், நடைபாதை இல்லாவிடில் வலப்புறமாக நடக்குமாறு அறிவுறுத்துகின்றது. நம் நாட்டுக்கு இடப்புற விதியை அளித்த நாடே தன் மக்களை வலப்புறம் நடக்கச் சொல்கின்றது என்பது கவனிக்கத்தக்கது. வாகனங்கள் வலப்புறம் செல்லும் ஜெர்மனியில், ஊர் எல்லைக்கு வெளியே நடப்பவர் இயன்றவரை இடது ஓரத்தில் நடக்க வேண்டும் என்பது சட்டம். பிரான்சிலும் அவ்வாறே. அமெரிக்காவின் மாநிலங்கள் பலவற்றின் சட்டமும் நடைபாதையற்ற சாலையில் இடது ஓரத்தையே காட்டுகின்றது. 1968-ஆம் ஆண்டு வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் 20-ஆவது பிரிவு, சாலையில் நடப்பவர் வாகனங்களுக்குரிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்பதைப் பன்னாட்டு நெறியாகவே வகுத்துள்ளது. ஆபத்து நேரும் இடங்களுக்கு விலக்கும் அளித்துள்ளது.

இதன் காரணத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடக்கின்றது. 50 மீட்டர் தொலைவில் அது நம்மை நோக்கி ஓரமாக விலகி வருவதைக் கண்டால், நமக்கு மூன்று விநாடி அவகாசம் உண்டு. இரண்டு மூன்று எட்டு வைத்து மண் ஓரத்தில் இறங்கிவிட அது போதும். அதே வாகனம் முதுகுக்குப் பின்னால் வருமாயின் அந்த மூன்று விநாடிகளும் நமக்குப் பயன்படா. காது எச்சரிக்குமே எனில், மழையும் காற்றும் பிற வாகனங்களின் இரைச்சலும் அதைக் கெடுக்கின்றன. இன்றைய மின்வாகனங்களோ மெல்லிய ஓசையுடன் வருகின்றன.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். வாகனம் செல்லும் திசையிலேயே நடப்பவர் மீது அது மோதினால், நடப்பவரின் வேகத்தைக் கழித்த வேகத்தில்தான் மோதும். எதிரே நடப்பவர் மீதோ இரண்டும் கூட்டிய வேகத்தில் மோதும் அல்லவா? கணக்கு உண்மையே. ஆனால் மனிதர் நடப்பது மணிக்கு 5 கிலோமீட்டர் அளவில்தான். 55-க்கும் 65-க்கும் இடையிலுள்ள வேறுபாட்டைவிட, மோதலையே தவிர்க்கக் கிடைக்கும் வாய்ப்புப் பெரிது. பின்லாந்து நாட்டில் 2006 முதல் 2010 வரை நிகழ்ந்த விபத்துகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வொன்று, வாகனங்களை எதிர்நோக்கி நடப்போருக்கு விபத்து நேரும் வாய்ப்பு, முதுகு காட்டி நடப்போரைவிட 77 விழுக்காடு குறைவு என மதிப்பிட்டது. நாட்டுக்கு நாடு இவ்வளவு மாறக்கூடும். எனினும் அது காட்டும் திசை தெளிவானது.

விதிக்கு விலக்கு

எந்த விதியையும் அதன் காரணத்தோடு சேர்த்தே அறிதல் வேண்டும். காரணம் மறையும் இடத்தில் விதியும் மாறும் என்பது ஃபிக்ஹுக் கலை பயின்றோர்க்குப் புதிதன்று. எதிர்நோக்கி நடப்பதன் காரணம் ஒருவரையொருவர் பார்த்தல். பார்வை மறையும் கூரிய வளைவில் வாகன ஓட்டிக்கு நாம் தெரியமாட்டோம். ஆகவே வலப்புறம் திரும்பும் கூரிய வளைவு வருமுன்னரே மறுபக்கம் கடந்து சென்று, வளைவு முடிந்தபின் திரும்பி வருமாறு பிரிட்டனின் விதிநூல் கூறுகின்றது.

மற்றொரு விலக்கு நம் போன்றோர்க்கு மிக இன்றியமையாதது. வரிசையாகச் செல்லும் பெருங்கூட்டம் தனிமனிதரைப் போன்றதன்று. அது சட்டென ஒதுங்க இயலாது. மெல்லச் செல்லும் வாகனத்தைப் போன்றதே அது. ஆகவே பெருங்கூட்டமாக நடப்போர், நடைபாதை இல்லாவிடில் வாகனங்களைப் போலவே இடப்புறம் செல்ல வேண்டும். முன்னும் பின்னும் கண்காணிப்போர் ஒளிரும் உடையணிந்து நிற்க வேண்டும். இரவில் முன்னே செல்பவர் வெள்ளை விளக்கும் பின்னே வருபவர் சிவப்பு விளக்கும் ஏந்த வேண்டும் என்பது பிரிட்டனின் அறிவுரை. ஜனாஸா எடுத்துச் செல்லும் கூட்டமாயினும், மாணவர் அணியாயினும் இது பொருந்தும். நம் மாணவர் மூவர் கூட்டமல்லர். தனிமனிதருக்குரிய விதியே அவர்களுக்குரியது. நாமோ கூட்டத்துக்குரிய பக்கத்தை அவர்களுக்குக் கூறி, விளக்கையும் கண்காணிப்பையும் விட்டுவிட்டோம்.

கால்களின் பக்கத்தை மாற்றிய நாடுகள்

வாகனங்களின் பக்கத்தை மாற்றிய நாடுகளைப் பலர் அறிவர். நடப்போரின் பக்கத்தை மாற்றிய நாடுகளும் உள்ளன.

ஜப்பானில் முன்னாளில் மனிதரும் வண்டிகளும் ஒருசேர இடப்புறமே சென்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மோட்டார் வாகனங்கள் பெருகவே, 1949-இல் சட்டம் திருத்தப்பட்டு, வாகனம் இடப்புறம், மனிதர் வலப்புறம் என வகுக்கப்பட்டது. 1960-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் நடைபாதையற்ற சாலையில் வலது ஓரத்தையே நடப்போர்க்கு உரியதாக்கியது. நம்மைப் போன்றே வாகனங்கள் இடப்புறம் செல்லும் நாடு அது என்பதை மறத்தலாகாது.

கொரியாவின் கதை வேறு வகையானது. 1905-இல் அங்கு வலப்புறம் செல்லும் விதி பிறந்தது. ஜப்பானிய ஆட்சியில் 1921-இல் இடப்புறமாக மாற்றப்பட்டது. 1946-இல் அமெரிக்கப் படை நிர்வாகம் வாகனங்களை வலப்புறத்துக்கு மாற்றியது; மனிதர் மட்டும் பழையபடி இடப்புறமே நடந்தனர். ஆட்சிகள் மாறிய பின்னும் பல்லாண்டுகள் பள்ளிக் குழந்தைகளுக்கு அதுவே கற்பிக்கப்பட்டது. இறுதியில், ஓராண்டுக்குள் சில மாதங்கள் சோதனையாக நடத்திப் பார்த்து, 2010 ஜூலை 1 முதல் தென் கொரிய அரசு நடைபாதைகளிலும் சுரங்க இரயில் நிலையங்களிலும் வலப்புறம் நடக்கும் வழக்கத்தை முறைப்படி நடைமுறைக்குக் கொணர்ந்தது. பழகிய கால்களை மாற்ற ஓர் அரசு எவ்வளவு முயல வேண்டியிருந்தது என்பதற்கு இது சான்று.

மனிதருக்கு மனிதர்

கொரியா மாற்றியது நடைபாதையின் வழக்கத்தை. அங்கு வாகனம் இல்லை. மனிதருக்கு மனிதரே எதிர்ப்படுகின்றனர். மீண்டும் நிகரானவர்களின் கேள்விக்கே வந்துவிட்டோம். இங்கு இடமும் வலமும் ஒன்றே. ஒற்றுமை ஒன்றே வேண்டுவது.

கிறித்தவர்களின் பெருவிழா ஒன்றுக்காக 1300-ஆம் ஆண்டு உரோமை நகரில் பயணிகள் திரண்டபோது, ஒரு பாலத்தின் ஒருபக்கம் செல்வோரும் மறுபக்கம் திரும்புவோருமாகப் பிரித்து அனுப்பப்பட்டதை இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் காவியத்தில் குறிப்பிடுகின்றார். இடப்புறம் நடக்கப் போப்பாண்டவர் ஆணையிட்டார் என இதை மேற்கோள் காட்டுவோர் உளர். தாந்தேயோ இடம், வலம் என எதையும் கூறவில்லை. பிரித்ததை மட்டுமே கூறுகின்றார்.

விதியே இல்லாத இடத்திலும் மனிதர் தாமாகவே ஒழுங்கு கொள்கின்றனர். எதிரெதிரே செல்லும் இரு கூட்டங்கள், யாரும் சொல்லாமலே நீண்ட வரிசைகளாகப் பிரிந்துகொள்வதை டிர்க் ஹெல்பிங் என்னும் ஜெர்மானிய இயற்பியலார் 1995-இல் கணித முறையால் விளக்கினார். முன்னே செல்பவரின் பின்னே செல்வது எளிது. எதிரே வருபவரோடு மோதுவது கடினம். இதுவே அவ்வொழுங்கின் பிறப்பிடம். பிரான்சில் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான சோதனையொன்றில், எதிர்ப்பட்ட இருவர் பெரும்பாலும் தத்தம் வலப்புறமே ஒதுங்கினர்.

நகரும் படிக்கட்டுகளில் இவ்வழக்கங்களின் வேற்றுமை நன்கு புலப்படும். இலண்டன் சுரங்க இரயில் நிலையங்களில் நிற்போர் வலப்புறம் நிற்க, விரைவோர் இடப்புறம் ஏறுகின்றனர். தோக்கியோவில் நிற்போர் இடப்புறம்; அதே நாட்டின் ஒசாகாவில் வலப்புறம். ஆனால் படிக்கட்டில் நடப்பதே விபத்துக்குக் காரணமாகின்றது என்பதால், ஜப்பானின் சைத்தாமா மாநிலம் 2021 அக்டோபரிலும் நகோயா நகரம் 2023 அக்டோபரிலும், இருபுறமும் நின்றே செல்ல வேண்டும் என விதி செய்தன. இலண்டனின் ஹோல்பர்ன் நிலையத்திலும், இருபுறமும் நிற்கவைத்தால் நெரிசல் நேரத்தில் மிகுதியானோர் மேலேறுகின்றனர் என்பது 2015, 2016-ஆம் ஆண்டுகளின் சோதனைகளில் தெரியவந்தது.

கூட்டம் மிகப் பெருகும்போது, இருதிசை நடையே ஆபத்தாகிவிடுகின்றது. ஹஜ்ஜுக் காலத்தில் மினாவில் 2006 ஜனவரியில் ஜமராத்துப் பாலத்தருகே ஏற்பட்ட நெரிசலில் 340-க்கும் மேற்பட்ட ஹாஜிகள் உயிரிழந்தனர். அதன்பின் பழைய பாலம் இடிக்கப்பட்டு, பல தளங்களுடன் புதிய பாலம் எழுப்பப்பட்டது. வருவோர் ஒரு வழி, செல்வோர் மறுவழி என ஒருதிசை நடை வகுக்கப்பட்டது. மேற்கூறிய ஹெல்பிங்கும் அவருடைய துணைவர்களும் அந்நெரிசலின் ஒளிப்பதிவுகளை ஆராய்ந்து 2007-இல் கட்டுரை வெளியிட்டனர். ஸஃபா, மர்வாவுக்கு இடையே ஸஃயு செய்யும் இடத்திலும் போவோர்க்கும் வருவோர்க்கும் தனித்தனிப் பாதைகள் உள. எனினும் 2015-இல் மினாவின் தெருச் சந்திப்பொன்றில் திரள்கள் எதிர்ப்பட்டபோது பெருந்தொகையானோரை இழந்தோம். எதிர்ப்படும் திரள்களைப் பிரித்து வைப்பது எத்துணை இன்றியமையாதது என்பதை அத்துயரம் மீண்டும் உணர்த்தியது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பெருநாள் தொழுகைக்கு ஒரு வழியாகச் சென்று மற்றொரு வழியாகத் திரும்புவார்கள் என ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அதற்கு விரிவுரையாளர்கள் கூறும் காரணங்கள் பல. நெரிசலைத் தவிர்த்தல் என்பதும் அவற்றுள் ஒன்றாகும்.

வலப்புறம் ஸுன்னத்தா?

நம் கல்லூரியில் இப்பொருளைப் பேசியபோது மாணவர் ஒருவர் எழுப்பிய ஐயம் இது: ‘வலப்புறமாக நடப்பது எவ்வாறாயினும் ஸுன்னத்துத்தானே?’ காலணி அணிதல், தலை வாருதல், தூய்மை செய்தல் முதலாகத் தம் காரியங்கள் யாவற்றிலும் வலத்தை நபி (ஸல்) அவர்கள் விரும்பினார்கள் என்னும் ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பை அவர் சுட்டினார்.

‘யாவற்றிலும்’ என்னும் சொல் எல்லையற்றதன்று. கண்ணியத்துக்குரிய செயல்களில் வலத்தை முற்படுத்துவதும், அதற்கு மாறானவற்றில் இடத்தை முற்படுத்துவதும் மார்க்கத்தின் வழக்கம் என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்குகின்றார்கள். பள்ளிவாசலுக்குள் வலக்காலை வைத்து நுழைகின்றோம். வெளியேறும்போது இடக்காலை முதலில் வைக்கின்றோம். தவாஃபில் கஅபா நம் இடப்புறம் இருத்தல் வேண்டும். சாலையின் எப்பக்கம் நடப்பது என்பது இவ்வகையைச் சேர்ந்ததன்று. அது மக்களின் நலனையும் நாட்டின் ஒழுங்கையும் சார்ந்தது. ஸுன்னத்து எனக் கருதி வளைகுடா நாட்டில் ஒருவர் சாலையின் வலது ஓரத்தில் நடப்பாராயின், அவர் வாகனங்களுக்கு முதுகு காட்டியே நடப்பார். ஏனெனில் அங்கு வாகனங்கள் வலப்புறம் செல்கின்றன. அங்கு அவருக்குரியது இடது ஓரம்.

அங்குள்ள நம் உறவினர்க்கு இன்னொன்றையும் கூறுதல் நலம். சாலையைக் கடக்கும்போது இந்தியாவில் முதலில் வலப்பக்கத்திலிருந்து வாகனம் வரும். வளைகுடாவிலோ இடப்பக்கத்திலிருந்து வரும். பழகிய பக்கத்தைப் பார்த்துக் காலை எடுத்து வைப்பதே புதியவர்க்கு நேரும் பிழை. வெளிநாட்டவர் பெருகிய இலண்டனில், வலப்பக்கம் பார்க்குமாறு சாலைத் தரையிலேயே எழுதி வைத்திருப்பது இதனாலேயாம்.

மார்க்கம் நடப்போரின் பக்கத்தை வகுக்கவில்லையாயினும், சாலையின் உரிமையை வகுத்துள்ளது. பார்வையைத் தாழ்த்துதல், தீங்கு செய்யாதிருத்தல், ஸலாமுக்குப் பதிலுரைத்தல், நன்மையை ஏவுதல், தீமையைத் தடுத்தல் ஆகியவை சாலைக்குரிய உரிமைகள் என நபி (ஸல்) அவர்கள் கூறியதை அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். வாகனத்தில் செல்பவர் நடப்பவருக்கு முதலில் ஸலாம் கூற வேண்டும் என்பதும் நபிமொழியே. உயரத்தில் இருப்பவர் கீழே நடப்பவரை முதலில் கவனிக்கும் பொறுப்பு அதில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகின்றது.

சந்தைக் கண்காணிப்பாளர்களான முஹ்தஸிபுகளுக்காக ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் நூல் எழுதிய ஷைஸரீ, விறகு, வைக்கோல் போன்ற சுமைகள் மக்கள் நெருங்கும் கடைத்தெருவுக்குள் நுழைவதைத் தடுக்கச் சொல்கின்றார். நடப்போரின் உடைக்கு அவை ஊறு செய்யும் என்பது காரணம். உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’ சட்டநூலின் 926-ஆவது பிரிவு, பொதுவழியில் செல்லும் உரிமை அனைவருக்கும் உண்டு; ஆனால் தவிர்க்கக்கூடிய தீங்கைப் பிறர்க்கு விளைவிக்காதிருத்தல் என்னும் நிபந்தனைக்கு உட்பட்டது என வரையறுக்கின்றது. சுமப்பவரின் முதுகிலிருந்து சுமை விழுந்து பிறர் பொருள் கெட்டால் அவரே ஈடு செய்ய வேண்டும் என்பதும் அங்கேயே கூறப்படுகின்றது. சுமை கூலியாளுக்கே இவ்விதி எனில், சரக்கு வாகனத்துக்கு எவ்வளவு பொருந்தும்!

நம் நாட்டின் நிலை

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர் என்பது ஒன்றிய அரசின் கணக்கு. அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர் என இதனைப் படித்தால் அதன் கனம் விளங்கும். இவர்கள் அனைவரும் பக்கம் தவறி நடந்ததால் இறந்தனர் எனக் கூறுவது பேதைமை. நடைபாதை இன்மை, இருந்தும் கடைகளும் வாகனங்களும் அதை அடைத்தல், வேகம், இருள் எனக் காரணங்கள் பல.

நம் சாலை விதிகள் இடப்புறம் செல்லுமாறு கூறுவது ஓட்டுநர்களுக்கே. ஆயினும் ‘இடப்பக்கம் செல்’ என்னும் பலகையைப் பார்த்துப் பார்த்து, அதனை நடப்போருக்குமான கட்டளையாகக் கொண்டுவிட்டோம். நடப்போர் குறித்து விதி செய்யும் அதிகாரத்தை 2019-ஆம் ஆண்டின் திருத்தத்தின் வாயிலாக மோட்டார் வாகனச் சட்டம் மாநிலங்களுக்கு அளித்தது. கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், அவ்விதிகளை ஆறு மாதங்களுக்குள் வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. முறிந்த எலும்புகளை நாள்தோறும் கண்ட ஒருவர் அவ்வழக்கைத் தொடுத்தது பொருத்தமே.

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நடைபாதை உள்ள இடத்தில் அதில் நடத்தல் வேண்டும். அங்கு எப்பக்கச் சாலை என்பது பெரிதன்று. நடைபாதை இல்லாத இடத்தில் வலது ஓரமாக, வருவதைப் பார்த்து நடத்தல் வேண்டும். மூவர் சேர்ந்து சென்றாலும் ஒருவர் பின் ஒருவராகவே செல்லுதல் நலம். விடியலிலும் இரவிலும் வெளிர்நிற ஆடையும் கைவிளக்கும் வேண்டும். ஆயினும் நம் சாலைகளில் விதி மீறி எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்கள் உண்டாதலால், வலப்புறம் நடப்பவரும் பின்னால் காது கொடுத்தே நடக்க வேண்டும். விரைவுச் சாலையில் சிறு தொலைவு செல்வதற்காக இருமுறை குறுக்கே கடப்பது, அதே பக்கத்தில் மண் தரையில் விலகி நடப்பதைவிட ஆபத்தானது. பக்கம் என்பது பாதுகாப்பின் வழியேயன்றி, அதுவே நோக்கமன்று.

அந்த மாணவர் ஓராண்டு தாமதித்துப் பட்டம் பெற்றார். இப்போது ஓர் ஊரில் இமாமாகப் பணியாற்றுகின்றார். குளிர் நாட்களில் சற்றே சாய்ந்து நடப்பார். மக்தபுக் குழந்தைகளைச் சாலையின் வலது ஓரமாக வரச் சொல்லுவதாகவும், பெற்றோர் சிலர் அது தவறு என வாதிடுவதாகவும் அண்மையில் நம்மிடம் கூறினார். அவருடைய தந்தையாருக்கு அன்று நாம் அளித்திருக்க வேண்டிய விடை இதுதான்: பிள்ளை தவறவில்லை, நாம் கற்பித்ததே தவறு. வண்டிக்குரிய விதியை மனிதனுக்குக் கற்பித்தோம். இதனை அவரிடம் நேரில் சென்று கூறினோம். ‘இனிமேல் வருகின்ற பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லிவிடுங்கள், ஹஜ்ரத்’ என்றார் அப்பெரியவர். அந்தக் கடமையின் ஒரு பகுதியாகவே இக்கட்டுரையை எழுதினோம்.